மாந்தோனில் இரண்டு கிலோ எலுமிச்சை

திருவிழா முடிந்த மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன்.
யானையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
கம்பிக் கூட்டில் தும்பிக்கை மட்டும் மிச்சம்,
அதில் நாற்பது ஐம்பது ஆரஞ்சு.
ஏணியில் நின்றவன் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் போட
கீழே கூடையோடு நின்றவள் பெயர் ஒர்ஸோலா.
"கிலோ ஒரு யூரோ. ஜாம் காய்ச்சு, அப்படியே தின்னாதே."
எனக்கு எலுமிச்சை போதும் என்றேன்.
ஒவ்வொரு பழத்தின் இடுப்பிலும்
ரப்பர் வளையம் இறுக்கிய கோடு,
கழற்றிய பிறகும் கணுக்காலில் கிடக்கும்
காலுறைத் தடம்போல.

இந்த ஊர்ப் பழமா?
அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
ஸ்பெயினிலிருந்து லாரியில் வருகிறதாம்.
"எங்கள் மரத்துப் பழத்தையா
யானைக்குக் கட்டுவோம்?"

திருவிழா இல்லாத மாதங்களில்
மேட்டுத் தெருவின் பழைய ஓட்டலில் படி துடைக்கிறாள்.
இப்போது அது ஓட்டல் இல்லை, அறுபத்திரண்டு வீடுகள்.
குளிர்காலத்தில் விளக்கு எரிவது ஒன்பதில்.
எண்ணியிருக்கிறாள்.
பளிங்குப் படிகளின் நடுவே குழி விழுந்திருக்குமாம்,
தண்ணீர் அங்கேதான் தேங்கும்.
"நடந்து தேய்ந்தது என்பார்கள்.
நடக்க முடிந்தவர்கள் யார் வந்தார்கள் இங்கே?
தூக்கிப் போனவர்கள் தேய்த்தது."

நூற்றைம்பது வருடம் முன்பு
லண்டனில், ரிகாவில், புகை மூடிய ஊர்களில்
மருத்துவர்கள் சீட்டில் எழுதினார்கள்:
வெயில். ஒரு குளிர்காலம் முழுக்க.
சீட்டோடு வந்தார்கள்,
கைக்குட்டையில் சிவப்போடு.
ஊர் அவர்களுக்கு நாற்காலி போட்டது,
சக்கரம் வைத்த நாற்காலி,
அவரவர் மொழியில் ஜெபிக்க அவரவர் தேவாலயம்,
கடைசியில் மலையுச்சியில்
நல்ல காட்சி தெரியும் இடம்.

பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி ஏறினேன்.
எட்வின் ஹார்கிரேவ், இருபத்து நான்கு.
லுட்விகா ஸான்டர், பத்தொன்பது.
ஒரு கல்லில் வயது மட்டும் நிற்கிறது,
பெயரைக் கடற்காற்று தின்றுவிட்டது.
கண்ணில் பட்டவர்கள் எல்லோரும்
என்னைவிட இளையவர்கள்;
பழமையைப் பார்க்க வந்த இடத்தில்
இது கொஞ்சம் சங்கடம்தான்.
சைப்ரஸ் நிழலில் பையை வைத்து மூச்சு வாங்கினேன்.
நன்றாகவே வாங்க முடிந்தது.
கீழே கடல்.
நீலம்தான். வேறென்ன சொல்ல.

கராவான் சின்ன நிலையம்.
எல்லை கூப்பிடு தூரம்.
இத்தாலியிலிருந்து வரும் ரயில்
அட்டவணையில் இல்லாத ஏழு நிமிடம் இங்கே நிற்கும்.
நான் ஏறி உட்காரும்போது போலீஸும் ஏறியது.
கழிப்பறைக் கதவைச் சாவி போட்டுத் திறக்கும் சத்தம்.
உள்ளேயிருந்து வந்தவனுக்கு இருபது இருக்கலாம்.
அகன்ற மார்பு. இருமல் இல்லை.
யாருடைய கோட்டோ, விரல் நுனி வரை மூடியிருந்தது.
எந்தச் சீட்டும் இல்லை அவனிடம்.

இன்னொரு போலீஸ்காரர்
நாலு வரிசை தாண்டி நேராக என்னிடம் வந்தார்.
அந்தப் பெட்டியில்
கேள்வியை வரவழைக்கிற நிறம்
எங்கள் இரண்டு பேருக்குத்தான்.
பாஸ்போர்ட்டைப் புரட்டினார், விசாவை விரலால் தடவினார்,
பையைத் திறக்கச் சொன்னார்.
எலுமிச்சை.
"எதற்கு இத்தனை?"
பிரெஞ்சில் வார்த்தை கிடைக்காமல்
"ஊறுகாய்க்கு" என்றேன் தமிழிலேயே.
புரிந்துவிட்டதுபோலத் தலையசைத்தார்.

எனக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும்.
பையை மூடும்போது ஒன்று தப்பி உருண்டது,
இருக்கைக்கு அடியில், பிறகு நடைபாதையில்,
திறந்திருந்த கதவு வரை போய்
நான் எழுவதற்குள் விழுந்தது.
கதவு மூடிக்கொண்டது.

நடைமேடையில் அவன் குனிந்து
ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்,
இரண்டு முடிச்சாக, அவசரமே இல்லாமல்,
நாளைக்கும் இதே ரயில் இருக்கிறது என்பதுபோல.
பழத்தை அவன் பார்த்தானா, தெரியாது.

நீஸில் இறங்கி எண்ணினேன். பதினேழு.
எத்தனை வாங்கினேன் என்று யோசித்தால்,
ஒர்ஸோலா எண்ணித் தரவில்லை,
நிறுத்துத்தான் தந்தாள்.