கால் விலை

தெமா துறைமுகத்தில் வந்து இறங்கும் கோழிக்குத்
தலை கிடையாது.
நெஞ்சை அந்த ஊர்க்காரர்களே
தின்று முடித்துவிடுகிறார்கள்.
கால் மட்டும் வருகிறது,
பெட்டி பெட்டியாக, பனி பூத்து.
காலுக்குக் கால் விலை என்று கூவி விற்கிறார்கள்.
மிகைதான். பாதி விலை.
பாதியே போதும் என்னை முடிக்க.

என் பெயர் தக்யிவா. தொர்மாவில் கோழிப் பண்ணை.
ஐந்து கொட்டகை. ஓடுவது ஒன்று.
ஒன்றில் அசாமோவா சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறான்,
வாடகை நாளை நாளை என்கிறான்.
மீதி மூன்றில் காற்று முட்டையிடுகிறது.

நேற்று வானொலியில் அமைச்சர் சொன்னார்,
நாட்டின் கடனைத் தலைக்கு வகுத்தால்
ஆளுக்கு இவ்வளவு வரும் என்று.
தீவன வாளியைக் கீழே வைத்தேன்.
யார் தலைக்கு?
வாங்கும்போது இந்தத் தலையை யாரும் தேடவில்லையே.
கையெழுத்துப் போட்ட மேசையருகே
எனக்கொரு நாற்காலி கிடந்ததா?
பெட்டிக்குள் படுத்திருக்கும் கோழி கொடுத்துவைத்தது.
தலை இல்லை, எனவே கடன் இல்லை.

முட்டை விற்ற காசில் அரசாங்கப் பத்திரம் வாங்கியிருந்தேன்.
‘அரசாங்கம் எங்கே ஓடிப்போகும்?’ என்றாள் வங்கிப் பெண்.
உண்மை. ஓடவில்லை.
உட்கார்ந்த இடத்திலிருந்தே கடிதம் போட்டது:
பணம் இப்போது இல்லையாம்,
பதினோரு ஆண்டு கழித்தாம், வட்டியும் பாதியாம்.
கடைசி வரியில்,
நாட்டுக்காகப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றியாம்.
மொட்டை அடித்துவிட்டுச் சீப்பைப் பரிசளிக்கிறார்கள்.
எனக்கு ஐம்பத்தெட்டு வயது.
எங்கள் காசுக்குச் செடி என்று பெயர்;
பதினோரு ஆண்டில் அது எவ்வளவு வாடும் என்று
கணக்குப் போட எனக்குத் தெரியும்.
போடவில்லை.

இதே அமைச்சர் எதிர்க்கட்சியில் இருந்தபோது
இறக்குமதிக்கு வரி கேட்டு எங்களோடு நடந்தார்.
வெயிலில், தொப்பி கூட இல்லாமல்.
மேடையில் உயிருள்ள சேவல் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.
கூட்டம் ஆர்ப்பரித்தது.
சேவல் என்னுடையது.
திருப்பித் தரவில்லை.

பதவிக்கு வந்ததும் வரி போட்டார், இல்லை என்று சொல்லமாட்டேன்.
சோளத்துக்குப் போட்டார். சோயாவுக்குப் போட்டார்.
குஞ்சுக்குக் கொடுக்கும் மருந்துக்குப் போட்டார்.
காலுக்குப் போட மட்டும் கை வரவில்லை.
கடன் கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்களாம்.
எங்கள் முகம் என்ன செய்கிறது என்று
யாரும் பார்த்ததில்லை.

இன்று அவர் எங்கள் ஊருக்கே வந்தார்,
உள்ளூர்க் கோழிக்குக் குளிர்பதனக் கிடங்கு திறக்க.
நாடா வெட்டினார். உள்ளே குளிர் இருந்தது, கோழி இல்லை.
பிறகு விருந்து.
மேசை நெடுக நாற்பது தட்டு எண்ணினேன்.
நாற்பதிலும் கால்.
ஒரு நெஞ்சு, ஒரு இறக்கை, ஒரு கழுத்து?
இல்லை.

எழுந்து நின்று கேட்டேன்.
என்ன கேட்க நினைத்தேனோ அதையல்ல,
வாயில் வந்ததை:
‘இந்தக் கோழி எந்த ஊர்?’
அவர் எலும்பைத் தட்டில் வைத்தார்.
‘பொறுமை, அம்மா. சேவல் கூவியதும் விடிந்துவிடுமா?’
‘என் சேவலைக் கொடுங்கள், பார்த்துவிடலாம்.’
எல்லோரும் சிரித்தார்கள்.
அவர்தான் அதிகம் சிரித்தார்,
என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.
அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன்.
ஏன் என்று இன்னும் புரியவில்லை.

திரும்பும் வழியில், சொல்லிவிடுகிறேன்,
நானும் ஒரு கிலோ வாங்கினேன்.
என் கோழியை நானே தின்னக் கட்டாது.
வாளித் தண்ணீரில் போட்டதும்
பனி கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த கால்கள்
மெல்லப் பிரிந்தன,
எங்கோ நடந்து போகப்போவது போல.

வாளிச் சத்தம் கேட்டு
கம்பி வலைக்குப் பின்னால்
முந்நூறு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின,
தீவனம் என்று நினைத்து.