உருகுவே

மாதிரி ஐ.நா. சபைக்குக் குலுக்கிய சீட்டில்
எனக்கு வந்தது உருகுவே.
ஷிபானாவுக்கு பிரான்ஸ். "மாத்திக்கிறியா?" என்றாள்.
வேண்டாம், இருக்கட்டும்.

மூன்று நாள் படித்தேன்,
ஆனையூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி.
ஆட்களைவிட மாடுகள் அதிகமாம் அங்கே.
தலைநகரின் பெயர்தான் வாயில் நிற்கவில்லை.
மாண்டிவிடியோ, மாண்டிவிடியோ...
"எங்கம்மா இறங்கணும்?" என்று கண்டக்டர் கேட்க
அதையே சொல்லிவிட்டேன்.
பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்து நீட்டினார்,
முகத்தைக்கூடப் பார்க்காமல்.

சனிக்கிழமை. கருத்தரங்கக் கூடத்தில் ஏசி ஓடவில்லை.
அகதிகள் பற்றிய தீர்மானம்.
"உருகுவேயின் பிரதிநிதி பேசலாம்."
எழுந்தேன்.
"எங்கள் நாடு"
என்று தொடங்கியதும்
தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

ஆறு மணிக்கு முகாமில் கையெழுத்து.
ஆர்.ஐ. பேரேட்டைப் புரட்டுகிறார்.
பிறந்தது மதுரை பெரியாஸ்பத்திரி.
நாடு என்ற கட்டத்தில்
நான் பார்த்திராத தீவு.
"இவ்வளவு நேரம் எங்க போன?"
"சபைக்கு சார்."
எந்தச் சபை என்று கேட்கவில்லை,
ஞாயிறு ஜெபக்கூட்டம் என்று நினைத்திருப்பார்,
சனிக்கிழமை என்பதை மறந்து.

பெயர்ப்பலகைகளைத் திருப்பித் தரச் சொல்லியிருந்தார்கள்.
என் பைக்குள்
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்
லேசாக மடங்கிக் கிடக்கிறது
உருகுவே.