கோடாலி காலடியில் இருந்தது

வீட்டைக் கடலில் இழுத்துப்போன கதையை
சிலோயே தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
ஆப்பிள் கள் இரண்டாம் கோப்பைக்கு வந்ததும்
அலை தேவாலயக் கோபுர உயரத்துக்கு எழும்பிவிடும்.
படகை ஓட்டியவன் நான்.
அன்று அலையே இல்லை.
நீரோட்டம் இருந்தது, அது சத்தம் போடாது.

எடுவினா பாரியாவுக்கு வீடு சொந்தம்,
வீடு நின்ற மண் சொந்தமில்லை.
அண்ணன் அதை சால்மன் பண்ணைக்காரர்களுக்கு விற்றுவிட்டு
புன்டா அரேனாசுக்கு பஸ் ஏறிவிட்டான்.
மார்ச்சுக்குள் காலி செய்யச் சொல்லி
கதவிடுக்கில் ஒரு தாள்.
எதிர்த்தீவில் அம்மா வழியில் ஒரு சரிவு நிலம் இருந்தது.
நடுவே நாலு கிலோமீட்டர் தண்ணீர்.

பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுபோ,
செலவு குறைவு என்றான் தச்சன் வெனான்சியோ.
"பிரித்த வீட்டைத் திரும்பக் கட்டியவன் எவன்?
ஆளாளுக்குக் கோழிக்கூண்டு கட்டியிருக்கிறீர்கள்"
என்றாள்.

பதினாறு ஜோடி எருதுகள்.
உருட்டுக்கட்டைமேல் ஒரு நாள் முழுக்க முனகியபடி
கரைக்கு வந்தது வீடு.
சுற்றிலும் காலி டிரம்களைக் கட்டினோம்.
ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றினோம்.
திரைச்சீலை இருக்கட்டும் என்றாள்,
விருந்தாளி வரும் வீடு மாதிரி.
ஓதம் ஏறியது.
வீடு மண்ணை விட்டது.
கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.
அவர்களுக்கு என்ன.

இழுகயிற்றின் முடிச்சருகே
கோடாலி ஒன்று வைப்பது வழக்கம்.
வீடு மூழ்கினால்
படகையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.
என் படகின் எஞ்சினுக்கு
இன்னும் முப்பத்தோரு தவணை பாக்கி.

பாதிக் கால்வாயில்
இடப்பக்கத்து டிரம்கள் இரண்டு பிய்த்துக்கொண்டு போயின.
வீடு ஒருக்களித்தது,
தூக்கத்தில் புரள்பவன்போல.
சமையலறை வாசலில் தண்ணீர் ஏறுவது தெரிந்தது.
மச்சான் டெல்மீரோ கத்தினான்:
"வெட்டிரு! வெட்டிரு!"

எடுவினா பின்தளத்தில்
உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்,
வீட்டைப் பார்த்து, எனக்கு முதுகு காட்டி.
பச்சைக் கம்பளித் தலைத்துணி,
அதற்குக் கீழே அசையாத பிடரி.
ஒரு தடவை அவள் திரும்பியிருந்தால்
வெட்டியிருப்பேன்.

வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் வீட்டைக் கவிழ்க்கும்.
கூட்டினால் கயிறு அறும்.
பாதி வேகம் என்று ஒன்று
அந்த இடத்தில் இல்லை.

தைரியம் என்று சொல்லாதீர்கள்.
கை லீவரில் இருந்தது,
கால் கோடாலிமேல் இருந்தது.
கை முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.
எஞ்சின் கருகும் வாசனையில்
டெல்மீரோ அந்தோனியாரைக் கூப்பிட்டான்,
பிறகு கெட்ட வார்த்தைகளைக் கூப்பிட்டான்.
கயிறு ஒரு கம்பிபோல் பாடியது.
இருபத்திரண்டு நிமிடம்.
எண்ணியவன் நான் அல்ல, என் கைக்கடிகாரம்.

கரை தட்டியது வீடு.
திரைச்சீலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அந்த வீட்டின் தரை இன்றும் மேற்கே சாய்வு.
மேசைமேல் முட்டை வைத்தால் உருளும்.
நாலைந்து வருடம் கழித்து
அந்தச் சாய்வு மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது
கோடாலி விஷயத்தைச் சொன்னேன்.
அவளுக்குத் தெரிந்திருந்தது.
"திரும்பினால் என் முகம் உன்னை வெட்டச் சொல்லிவிடும்
என்று பயந்தேன்" என்றாள்.
"கோட்டுப் பையில் ஒரு சாவி.
புவேர்ட்டோ மோண்ட்டில் தங்கை ஒழித்துவைத்திருந்த அறை.
வழியெல்லாம் அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.
உள்ளங்கையில் பல்வரிசை பதிந்துபோயிற்று."

சாவியைத் தபாலில் திருப்பி அனுப்பினாளா,
கேட்கவில்லை.

கோடாலியை நடுக்கடலில் வீசி எறிந்தேன்
என்று இப்போது பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.
படகில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள்.
பிடி மட்டும் மாற்றியிருக்கிறேன்.
நல்ல இரும்பு,
யாராவது எறிவார்களா?