தொட்ட காய்

பண்டாரவளையில் எதுவும் சட்டென்று காயாது.
பள்ளிச் சீருடைக்கு இரண்டு நாள்,
நீர்வண்ணப் படத்துக்கு மூன்று.
குடிவரவுக்காரர் குத்தும் விசா முத்திரை
வருடா வருடம் ஈரமாகவே கைக்கு வருகிறது.

எனக்கு இருப்பது ஒரே மேசை.
காலையில் அதில் பாண் வெட்டுகிறேன்,
பத்து மணிக்குத் தாள் ஒட்டித் தூரிகை எடுக்கிறேன்,
நாலரைக்குப் பிள்ளைகள் வந்தால் சதுரங்கப் பலகை.
மகள் இயலின் கணக்குக் கொப்பி மட்டும்
எந்த நேரமும் ஒரு மூலையில்,
அதன்மேல் யாரோ வைத்த தேத்தண்ணி வட்டம்.

நான் "யானை" என்கிறேன்.
"கோட்டை, டீச்சர்" என்கிறார்கள்.
கடல் தாண்டுகையில் எங்கோ
தும்பிக்கை தொலைந்திருக்கிறது.
இரண்டும் நேராகத்தானே போகின்றன,
விட்டுவிட்டேன்.

சிப்பாய் பின்னால் வராது என்று சொல்லும்போது
கூட்டிப்போக வந்த அம்மாக்கள்
என்னைப் பாவமாய்ப் பார்ப்பார்கள்.
அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.
சித்திரையில் போகிறேன், வைகாசியில் வருகிறேன்,
முப்பது கிலோ சாமானோடு.
அப்பளம்கூட உடைவதில்லை.

லோகு பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிப்பவர்.
இரவுப் பணி முடிந்து வந்து
என் படங்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பார்:
"எல்லாத்திலயும் ஏன் ஒரு கை இருக்கு?"
மலை வரைந்தால் மலைக்கு மேல்.
ரயில் பாதை வரைந்தால்
தண்டவாளத்துக்கு ஒரு விரல் உயரத்தில்.
தொடுவதற்குக் கொஞ்சம் முன்பா,
தொட்டதற்குக் கொஞ்சம் பின்பா?
சொன்னதில்லை.

நேற்று மாகாணப் போட்டி.
டிலுக்‌ஷனுக்குப் பதின்மூன்று வயது. ஆறாம் சுற்று.
எதிரே இருந்த பையன்
ஜன்னலுக்கு வந்த குரங்கைப் பார்த்தான்.
நடுவர் வேறு மேசையில்.
டிலுக்‌ஷன் ராணியைத் தொட்டான்.
ஒரு நகம், அவ்வளவுதான்.
கையை இழுத்துக் குதிரையை ஆடினான்.
வென்றான்.
இழுத்த கையோடு நிமிர்ந்து
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற
என்னைத்தான் பார்த்தான்.

பஸ்ஸில் கோப்பை அவன் மடியில்.
தெமோதரை தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு,
"யாரும் பாக்கலேன்னா அது தொட்டதா, டீச்சர்?"

பதினாறு வருடம் முன்பு
சேலத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
மாநிலப் பெண்கள் இறுதிச் சுற்று,
பக்கத்துக் கூடத்தில் யாருக்கோ சீமந்தம்.
காரைக்குடி அலமேலு தும்மினாள்.
அவள் கண் மூடியபோது
என் விரல் யானைமேல் இருந்தது.
திறந்தபோது இல்லை.

அந்தத் தும்மல்தான் என் பதக்கம்.
அதை நம்பித்தான் வாசல் பலகையில்
"சம்பியன் டீச்சர்" என்று எழுதியிருக்கிறார்கள்.
இந்த ஊரில் சம்பியனுக்குக் கால் கிடையாது.
எனக்கு அது சரியாகவே பட்டது.

இதை அவனிடம் சொல்லியிருக்கலாம்.
"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு" என்றேன்.

இன்று ஞாயிற்றுச் சந்தை.
தார்ப்பாயில் மழை பொத்தென்று கொட்டுகிறது.
குவியலில் ஒரு நோக்கோலை எடுத்து
அடியில் வெடிப்பைக் கண்டு திரும்ப வைத்தேன்.
ரம்சீன் நானா தராசிலிருந்து கண்ணெடுக்காமல்
"தொட்ட காயத்தான் எடுக்கணும், தங்கச்சி" என்றார்.
எல்லாரிடமும் சொல்கிற பகிடி.

சிரித்தேன்.
சிரிப்பு நிற்கவில்லை.
"அம்மா, எல்லாரும் பாக்கிறாங்க" என்று
இயல் பையைப் பிடித்து இழுத்தாள்.

வெடித்ததையே வாங்கினேன்.

தார்ப்பாய் ஓரத்தில் நின்று போனை எடுத்தேன்.
டிலுக்‌ஷன் அப்பாவின் எண்.
அதற்குக் கீழே, ஐந்து வருடமாய் அழைக்காமல்
வைத்திருக்கும் அலமேலுவின் எண்.
யாருக்கு முதலில் என்று
நல்ல ஆட்டக்காரி போல் யோசித்தேன்,
நாலைந்து நகர்வு தள்ளி.
கூரையிலிருந்து ஒரு சொட்டு விழ
ஈரத்தில் விரல் வழுக்கிற்று.

மணி போகிறது.
யாருக்கென்று இன்னும் பார்க்கவில்லை.
தொட்டாயிற்று.