ஒண்டிக்கட்டைக்கு என்ன செலவு

தம்பி போனில் கேட்கிறான்.
லைன் சூப்பர்வைசர் கேட்கிறார்.
வாடகையில் முந்நூறு ஏற்றும்போது
முனிவெங்கடப்பாவும் சிரித்துக்கொண்டே கேட்கிறார்:
"ஒண்டிக்கட்டைதானே, உனக்கென்ன செலவு?"

கட்டைதான்.
பொம்மனஹள்ளியில் மூன்றாம் மாடித் தகரத்தின் கீழ்
பத்துக்கு எட்டில்
நிறுத்திவைத்த கட்டை.
ஆனால் அரை ஆளுக்கென்று அறை கட்டுவதில்லை யாரும்.
ஒருத்தி மட்டும் பார்க்கப் போதுமான
பாதி வெளிச்ச பல்பு கடையில் இல்லை.
இருவர் இருந்தாலும் அதே குழாய், அதே பூட்டு,
அதே துடைப்பம்.
இதைச் சொன்னால் "துணை தேடிக்கோ" என்கிறார்கள்,
வருகிறவன் வாடகையைத்
தோளில் சுமந்து வருவான் என்பதுபோல.

கைக்கு வருவது பன்னிரண்டாயிரத்து நூற்று நாற்பது.
மணிக்கு எழுபது காலர் தைக்கிறேன்.
அந்தச் சட்டையின் விலைச்சீட்டை ஒருமுறை
டாலரில் பார்த்தேன்.
பெருக்கிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை.
கண்டக்டர் நீட்டும் சீட்டில்
பூஜ்ஜியம் என்று அச்சடித்திருக்கும்;
என் மாதத்தில் ஏறாமல் நிற்கும் எண் அது ஒன்றுதான்.
ஐந்து ரூபாய் நாணயம் விழுந்தால் ஒரு கேன் தண்ணீர்.
ராகிக்குப் பழகிவிட்டது வயிறு.
வெங்காயத்தை விலை கேட்ட பிறகே நறுக்குகிறேன்.
ஸ்டெல்லா நடத்தும் சீட்டுக்கு ஐந்நூறு,
அதைக் கட்டாத மாதம் தூக்கம் வராது.

டப்பாவில் எண்பது ரூபாய் மிஞ்சிய
ஒரு மாதக் கடைசியும் உண்டு.
அன்று பேக்கரி வாசலில்
ஒரு துண்டு தில்பசந்த் வாங்கி
நின்றபடியே முழுதும் தின்றேன்,
யாருக்கும் பங்கில்லாமல்.

வாழலாம் என்றுதான்
நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்,
கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்
தன் கருத்தைச் சொல்லும்வரை.

கிராம்பு. உப்புத் தண்ணீர்.
மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தந்த மாத்திரை.
நான்காம் நாள், குளிரூட்டிய கிளினிக் ஒன்றில்
டாக்டர் பெண் சொன்னாள்:
"வேரைச் சுத்தம் செய்து தொப்பி போட்டால்
பல்லைக் காப்பாற்றிவிடலாம். ஏழாயிரம் ஆகும்."
"காப்பாற்றாவிட்டால் எவ்வளவு?"
அப்போதுதான் அவள்
என் வாயிலிருந்து கண்ணை எடுத்து
முகத்தைப் பார்த்தாள்.

அரசு பல் ஆஸ்பத்திரி வரிசையில்
ஒருநாள் சம்பளம் போயிற்று.
கூடவே அந்த மாதத்து வருகைப்படியும்.
ஊசி போட வந்த மாணவனுக்கு
மீசை இன்னும் முடிவு செய்யவில்லை,
வரலாமா வேண்டாமா என்று.
கை நடுங்கியது. அவனுக்கு.
"நோவு இதெயா?" என்றான் கன்னடத்தில்.
"நோவுதான்" என்றேன் தமிழில்.
இரண்டு மொழிக்கும் பொதுவாய் அந்தச் சொல்,
குடக்கூலி தராமல்
இரண்டு வீட்டிலும் குடியிருக்கிறது.

தட்டில் வைத்துக் காட்டினான்.
இரண்டு வேரும் கெட்டியாக இருந்தன.
உச்சியில் மட்டும் மிளகளவு கறுப்பு.
"நல்ல பல்லு, அக்கா" என்றான்,
துக்கம் விசாரிக்கும் குரலில்.
கேட்டு வாங்கி
கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.
எதற்கென்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பஞ்சைக் கடித்தபடி
பூஜ்ஜியச் சீட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்.
இந்தச் சம்பளத்தில் ஒரு ஆள் வாழ முடியுமா?
முடியும்.
வருஷத்துக்கு ஒரு பல் என்று வைத்தால்
இன்னும் முப்பத்தொரு வருஷம்.

சில்க் போர்டு நெரிசலில் போன் அடித்தது.
தம்பி.
பைக்குக்கு இந்த மாதத் தவணை, இரண்டாயிரம்,
"உனக்கென்ன, ஒண்டிக்கட்டை" என்றான்.

வாய் முழுக்கப் பஞ்சு.
"ம்ம்ம்" என்றேன்.

சரி என்று எடுத்துக்கொண்டு
வைத்துவிட்டான்.