பெயர் கடைசியில்

நெல்லித்தோப்பில் சவரிராசுவின் கடை.
இரண்டு நாற்காலி, ஒரு மேசை,
சுவரோரம் ப்ளக் பிடுங்கிய ஃப்ரீசர் பெட்டி.
அதன் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது.
நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"வெப்சைட்னா பளிச்சுனு இருக்கணும்மா.
மேல என் படம், பக்கத்துல அப்பா படம்.
நாலு வண்டியும் ஒண்ணு பின்னால ஒண்ணா
ஓடி வரணும்."
எழுத்து தங்கத்தில் வேண்டுமாம்.
திறந்ததும் தானாய் ஒலிக்க
சோகமாய் ஒரு இசையும்.

நிறமெல்லாம் அப்புறம், முதலில் கோடு என்றேன்.
மனையில் சுண்ணாம்பு தூவுகிற மாதிரி.
இதற்கு வயர்ஃபிரேம் என்று பேர்.
அவருடைய பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து
பின்பக்கம் பென்சிலால் கட்டம் வரைந்தேன்.
கட்டத்துக்குள் மூலைக்கு மூலை இரண்டு கோடு:
இங்கே படம் வரும் என்று அர்த்தம்.

வெகுநேரம் பார்த்தார்.
"என்னை ஏம்மா அடிச்சிட்ட?"

அடிக்கவில்லை, எங்கள் பாஷையில்
பெருக்கல் குறி போட்ட இடத்துக்கு
ஆள் வரப்போகிறது என்றேன்.
"எங்க பாஷையில பெட்டி மேல போடறது
நேரா நிக்கும்" என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை.

அப்போதுதான் ஃபோன்.
தங்க எழுத்துக் கேட்ட குரல் இல்லை இது.
"சொல்லுங்க."

"எந்தத் தெரு?"
"எத்தனாவது மாடி?"
"படிக்கட்டு நடுவுல திரும்புதா?"
மறுமுனையில் யாரோ எழுந்துபோய்ப்
பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.
அவ்வளவு நேரம்.
"ப்ளக் பாயிண்ட் ஹால்லயா, ரூம்லயா?"
"பாரீஸ்லேருந்து தம்பி வரணுமா...
அப்ப ரெண்டு ராத்திரி."
"நாப்பது நிமிஷம்."
பணம் பற்றி ஒரு சொல் இல்லை.
வைப்பதற்கு முன்னால், தாழ்ந்த குரலில்,
"பேரு?"

தன் பேரைச் சொன்னாரோ
படுத்திருப்பவர் பேரைச் சொன்னாரோ,
இவர் திருப்பிக் கேட்கவில்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
டிரைவரைக் கூப்பிடப் போனார்.

ரப்பர் கொண்டுவரவில்லை நான்.
இன்னொரு பில்லைக் கிழித்தேன்.

இந்தப் பக்கத்தைத் திறப்பவருக்கு
ஒரு கைதான் இருக்கும்.
மற்றக் கை வேறெதையோ பிடித்திருக்கும்.
மணி இரண்டேகால்.
கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று ஞாபகம் வராது.
அதனால் ஒரே பட்டன்,
கட்டைவிரல் தடுமாறினாலும் படுகிற அகலத்தில்.
அமுக்கினால் சவரிராசு "சொல்லுங்க" என்பார்.
பேச்சு எழாதவர்களுக்குக் கீழே சின்னக் கட்டங்கள்:
தெரு, மாடி, படி திரும்புமா,
ப்ளக், எத்தனை ராத்திரி.
எல்லாவற்றுக்கும் அடியில் பெயர்.
அதற்குப் பக்கத்தில் மட்டும்
நட்சத்திரக் குறி போடவில்லை.
எழுதாமல் விட்டாலும் பக்கம் நகரும்.

ஈரக் கையோடு திரும்பி வந்தார்.
"என் படம் எங்க?"
இரண்டாம் பக்கத்தில்.
"அத யாரு பாப்பா?"
நிதானமாய் இருக்கிறவர்கள்.

உட்கார்ந்தார். தாளைத் தன் பக்கம் திருப்பி
ஒவ்வொரு கட்டமாய் விரல் வைத்து இறங்கினார்,
யாரோ ஒருவரைத் தலைப்பக்கம் தான் பிடித்து
இறக்கி வருகிற மாதிரி.
படி என்ற இடத்தில் நின்றார்.
"லிஃப்ட்டுனு ஒண்ணு போடு.
லிஃப்ட் இருக்குன்னுவாங்க, பெட்டி உள்ள போவாது."
போட்டேன்.

கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.
"சில பேரு ஃபோனைப் போட்டுட்டு
அழுதுட்டே இருப்பாங்கம்மா.
நான் வெக்க மாட்டேன்.
இது என்ன பண்ணும்?"

அதற்கு நான் ஒரு கட்டமும் யோசித்திருக்கவில்லை.
தாளில் இன்னும் நாலு விரல் இடம் இருந்தது.
நாளைக்கு வருகிறேன் என்றேன்.

வாசலில் வண்டி பின்னால் எடுத்தார்கள்.
ரிவர்ஸ் போட்டதும் தானாய் ஒலித்தது
ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு.
"அத முதல்ல கழட்டுடா" என்று
சவரிராசு எழுந்து ஓடினார்.