இரைச்சல்

நாச்சியப்பன் சிபுவுக்குப் போன முதல் வாரம்
அனுப்பிய குரல் செய்தி நாற்பது விநாடி.
அதில் முப்பது மழை.
"ஆச்சி, வீடு கெடச்சிருச்சு, ஆத்துக்குப் பக்கம்"
என்கிறான், உடனே யாரோ
தகரக் கூரைமேல் ஒரு மூட்டைப் புளியங்கொட்டையைக்
கவிழ்க்கிறார்கள்.
கடைசியில், "...அதனால கவலப்படாதீங்க."

எதனால்?

பள்ளத்தூர் மின்வாரிய அலுவலகத்தில்
பில் கட்ட நிற்கும் வரிசைக்கு எதிரே உட்கார்ந்து
காதில் போனை அழுத்தி மூன்று முறை கேட்டேன்.
வெளியே வேப்பமரம் அசையவில்லை.
ஏழு மாதமாக ஊருணி
தன் படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தது.

முதல் பார்சலில் சீப்புச்சீடையும் மணகோலமும் போட்டேன்.
டப்பாவைத் திறந்த அன்றே நமுத்துப் போயின.
உமையாள் சொன்னாள்:
செருப்பில் பூஞ்சை, பெல்ட்டில் பூஞ்சை,
கல்யாண ஆல்பத்தில் உங்கள் முகத்தில் மட்டும் பூஞ்சை.
துணி காய மூன்று நாள்.
காய்ந்துவிட்டதென்று மடித்து வைத்தால்
மடிப்புக்குள் ஈரம் ஒளிந்துகொண்டு
காலையில் அலுவலகத்துக்குக் கூடவே வருகிறதாம்.
இங்கே சேலையின் ஒரு முனையைக் கொடியில் போட்டு
மறு முனைக்கு நடப்பதற்குள்
முதல் முனை மொடமொடக்கிறது.
வெயிலுக்குக் கிலோ என்ன கட்டணம் என்று
கூரியர்க்காரரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அவர்கள் கேட்பது குறைந்தது.
மிளகாய்த்தூள் வேண்டாம்.
வத்தல் வேண்டாம், பொரிப்பதற்கு முன்பே அழுகிறது.
கறுப்பாய் ஒரு பழமாம், தபாய் என்று பெயர்,
வெந்நீரில் ஊறப் போட்டு உப்புத் தொட்டுத் தின்பார்களாம்.
"மாவடு மாதிரி" என்று உமையாள் சொல்லி முடிக்கவில்லை,
"மாவடு மாதிரியே இல்ல!" என்று
பின்னாலிருந்து கத்தினான் சொக்கு.
ஆறு படியேறி வந்தால் அவனுக்குப் பள்ளிக்கூடம் லீவு.
பிளைவுட் ஆலையில் கணக்கெழுதுகிறவனுக்கு
லீவு கிடையாது; பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு போகிறான்.

எட்டாம் மாதம்
நாச்சியப்பன் மழையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினான்.
மழை நிற்கவில்லை.
பேச்சுக்கு அடியில் பெய்துகொண்டே இருந்தது,
நம் வீட்டு மின்விசிறி மாதிரி,
யாரும் அதைச் சொல்லவேண்டியதில்லை என்பது போல.

வைகாசியில் வந்தார்கள்.
முதல் ராத்திரி வளவில் பாய் விரித்தோம்.
சொக்கு மல்லாந்து கிடந்து
முற்றத்து வானத்தையே பார்த்தான்.
"நடுவுல ஏன் கூரை இல்ல அயித்தை?"
மழை உள்ளே வரத்தான்.
"எப்ப வரும்?"
ஐப்பசியில்.
ஆனி, ஆடி என்று அவன் கையைப் பிடித்து எண்ணினேன்.
அந்தக் கை முழுசாகத் தீர்ந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கும் தூங்கவில்லை.
"சத்தமே இல்ல" என்றான்.
விசிறியை வேகமாக வைத்தேன். "அது காத்து" என்றான்.
குழாயைத் திறந்து பித்தளை அண்டாவில் விட்டேன்,
லாரித் தண்ணீர் என்பது நினைவு வந்து
அரை நிமிடத்தில் மூடினேன்.
உமையாள் கதை சொல்லிப் பார்த்து, பாதியில் தானே தூங்கிப்போனாள்.

அப்போதுதான் போனை எடுத்து
மேலே, மேலே, இன்னும் மேலே தள்ளிக்கொண்டு போனேன்.
எதையும் நான் அழித்ததில்லை.
"ஆச்சி, வீடு கெடச்சிருச்சு, ஆத்துக்குப் பக்கம்"
அப்புறம் புளியங்கொட்டை.
சொக்கு போனை இழுத்துத் தன் காதுக்கடியில் வைத்துக்கொண்டான்.
நான்காவது முறை "கவலப்படாதீங்க" வருவதற்குள்
வாய் திறந்திருந்தது.

"என்ன அது, என் குரல் மாதிரி இருக்கு"
என்றான் இருட்டில் நாச்சியப்பன்.
நீதான்.
எதனால கவலப்பட வேண்டாம்னு சொன்னே?
ரொம்ப நேரம் யோசித்தான்.
"தெரியல ஆச்சி. ஏதோ வேணும்னு பயந்திருப்பேன்."

போனை நிறுத்தினால் பையன் புரள்கிறான்.
மறுபடி போட்டேன்.
வறண்ட முற்றத்தின் ஓரத்தில்
சிபுவில் போன வருஷம் பெய்தது
இன்னொரு முறை பெய்தது.
பேட்டரி பதினோரு சதவீதம்.
சார்ஜரைத் தேடி எழுந்தேன்.